ஊட்டிக்கு ரெண்டு காலண்டர்

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

ஏப்ரல் மாசம் வந்துட்டா போதும், பெரம்பலூர் - அரியலூர் பக்கம் பாதி வீட்ல ஒரே பேச்சுதான். பரீட்சை முடியுது, வெயில் ஏறுது, சுண்ணாம்புக்கல் லாரி ஓடுற ரோட்டுல மத்தியானம் நிக்க முடியல. "இந்த வருஷம் எங்க போறோம்?" யாராவது ஏற்காடும்பாங்க, யாராவது கொடைக்கானலும்பாங்க, கடைசியில வேன் பேசுறது ஊட்டிக்குத்தான் இருக்கும். உடனே ஒருத்தர் சொல்வார்: "இப்ப சீசனாச்சே, ரூம் கிடைக்காதே!"

இன்னைக்கு எபிசோடு அந்த ஒரே ஒரு வார்த்தையைப் பத்தி. சீசன்.

மாம்பழ சீசன்னா புரியுது, மாமரம் காய்க்குது. குற்றால சீசன்னா அதுவும் புரியுது, தென்மேற்குப் பருவமழை வந்து அருவியில தண்ணி விழுது. ஊட்டி சீசன்னா என்ன? ஏப்ரல், மே மாசத்துல ஊட்டியில என்ன காய்க்குது? சும்மா யோசிச்சுப் பாருங்க. அங்க குளிர் வருஷம் பூரா இருக்கு. ஏப்ரல்ல புதுசா வர்றது குளிர் இல்ல, நாமதான். அதாவது, அந்த சீசனுக்குக் காரணம் மேல இருக்கிற ஊட்டி இல்ல, கீழ இருக்கிற நம்ம வெயில்.

வெயில் மட்டும்தானான்னு கேட்டா, அதுவும் இல்ல. இந்த சீசனை ஒரு அரசாங்கம் உருவாக்குச்சு. அதுக்கு ரயில் விட்டாங்க, பங்களா கட்டினாங்க, பூங்கா போட்டாங்க. அந்த மலையில ஏற்கனவே இருந்த மக்களுக்கு வேற ஒரு காலண்டர் இருந்தது. அது இன்னும் இருக்கு. நாம போற மாசத்துல போறதால அது நம்ம கண்ணுல படுறதில்ல, அவ்வளவுதான்.

மூணு எண்கள்

முதல்ல மூணு எண் சொல்லிடறேன். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புப்படி அரியலூர் மாவட்டத்துல 7,54,894 பேர். நீலகிரி மாவட்டத்துல 7,35,394 பேர். கிட்டத்தட்ட சமம். பெரம்பலூர் இன்னும் சின்னது, 5,65,223. நாம மனசுல ஊட்டின்னா பெரிய ஊர்னு நினைக்கிறோம். ஆனா ஊட்டி நகராட்சியில 2011-ல இருந்தது 88,430 பேர்தான். ஒரு லட்சம்கூட இல்ல.

இப்ப இன்னொரு எண். 2001-ல நீலகிரி மாவட்டத்தோட மக்கள்தொகை 7,62,141. பத்து வருஷத்துல அது குறைஞ்சிருக்கு, ஏறக்குறைய 3.5 சதவீதம். அந்தப் பத்து வருஷத்துல தமிழ்நாட்டுல மக்கள்தொகை குறைஞ்ச ஒரே மாவட்டம் நீலகிரி. தமிழ்நாடே கிளம்பிப் போற ஒரு ஊர்ல இருந்து, அந்த ஊர்க்காரங்க கிளம்பிக்கிட்டிருந்தாங்க. இந்த முரண்பாட்டை மனசுல வச்சுக்கோங்க. கடைசியில இதுக்குத் திரும்ப வருவோம்.

மலை ஏறின கலெக்டர்

கதை 1819-ல ஆரம்பிக்குது. கோயம்புத்தூர் கலெக்டரா இருந்த ஜான் சல்லிவன் அந்த வருஷம் நீலகிரி மேல ஏறினார். முதல்ல கோத்தகிரி பக்கம் திம்பட்டியில ஒரு பங்களா. அப்புறம் இன்னும் உயரத்துல, தோடர்களோட மேய்ச்சல் நிலமா இருந்த இடத்துல, 1820-களோட தொடக்கத்துல ஒரு கல் வீடு. படகர்கள் அதை 'கல் பங்களா'ன்னு கூப்பிட்டாங்க. ஆங்கிலத்துல ஸ்டோன் ஹவுஸ். அந்தக் கட்டடம் இன்னும் இருக்கு, அரசு கலைக் கல்லூரி வளாகத்துக்குள்ள. நிலத்தை ஏக்கருக்கு 1 ரூபாய் கொடுத்து தோடர்கள்கிட்ட வாங்கினதா சொல்றாங்க. நாம படகு விடுற ஊட்டி ஏரியும் அதே 1820-கள்ல சல்லிவன் ஓடையைத் தடுத்து உருவாக்கினதுதான். இயற்கை ஏரி இல்ல.

சல்லிவனை வெறும் வில்லனா வரைஞ்சிட முடியாது. இந்த நிலத்துக்கு உரிமையாளர்கள் தோடர்கள்தான்னு கம்பெனி அரசாங்கத்தோட வாதாடினவரும் அவர்தான். ஆனா அவர் திறந்த கதவு வழியா வந்தவங்க அந்த வாதத்தைக் கேட்கல.

ஏன் இவ்வளவு உயரம்? இங்கதான் நம்ம பச்சைமலையும் கொல்லிமலையும் கதைக்குள்ள வருது. வெள்ளைக்காரங்களுக்குப் பெரிய பயம் காய்ச்சல். மலேரியாவைக் கொசுதான் பரப்புதுன்னு ரொனால்ட் ராஸ் காட்டினது 1897-ல. அதுக்கு முன்னாடி, கெட்ட காத்துல இருந்து காய்ச்சல் வருது, ஒரு உயரத்துக்கு மேல போனா வராதுன்னு நம்பினாங்க. காரணம் தப்பு, ஆனா அனுபவம் ஓரளவு சரி. ரொம்பக் குளிர்ல கொசு பெருகாது. ஊட்டி 2,240 மீட்டர், கொசு கஷ்டப்படும். பெரம்பலூர்ல இருந்து பார்த்தா மேற்கே தெரியுற பச்சைமலை பெரும்பகுதி 1,000 மீட்டருக்குக் கீழ. கொல்லிமலை அதைவிடக் கொஞ்சம் உயரம், ஆனா காய்ச்சலுக்குப் பேர் போனது. அதனால நமக்குப் பக்கத்துல இருந்த மலைகளை விட்டுட்டு, ரொம்ப உயரமான மலைக்குப் போனாங்க. இந்த ரெண்டு மலைக்கும் 'சீசன்' வராம போனதுக்கு இது ஒரு முக்கியமான காரணம்.

அப்பல்லாம் ஊட்டிக்குப் போறது சாதாரண விஷயம் இல்ல. 1834-ல மெக்காலே, ஆமா, நம்ம ஆங்கிலக் கல்வியோட மெக்காலேதான், மெட்ராஸ்ல இறங்கி ஊட்டிக்குப் போனார். அங்க கவர்னர் ஜெனரல் பென்டிங்க் தங்கியிருந்தார். ஏறக்குறைய 400 மைல் பயணம். குதிரையில இல்ல, பல்லக்குல. ஆளுங்க தோள் மேல. மெக்காலே அங்க பார்த்தது மலைமேல கொட்டுற மழையை. தூக்கிட்டுப் போனவங்க பேரு எந்தப் பதிவுலயும் கிடையாது.

அரசாணை போட்ட சீசன்

முதல் அம்பது வருஷம் ஊட்டி, உடம்பு சரியில்லாத அதிகாரிகள் தேறுறதுக்கான இடம். 1864-ல இந்திய அரசாங்கம் சிம்லாவைக் கோடைத் தலைநகரமாக்குச்சு. மெட்ராஸ் அரசாங்கமும் அதே வழியில போச்சு. 1870-ல இருந்து ஊட்டி மெட்ராஸ் மாகாணத்தோட அதிகாரப்பூர்வ கோடைத் தலைநகரம். வெறும் கவர்னர் மட்டும் போய் காத்து வாங்கிட்டு வர்றது இல்ல. கவர்னர், கவுன்சில், செயலர்கள், அவங்களோட கோப்பு, கோப்பைத் தூக்குற குமாஸ்தா, குமாஸ்தாவுக்கு டீ போடுற ஆள் வரைக்கும் மொத்த அரசாங்கமும் வருஷத்துல ஏறக்குறைய பாதி நாள் மலை மேல.

இதுதான் நான் சொன்ன விஷயம். 'சீசன்'ங்கிறது வானிலை இல்ல, அரசாணை. எப்ப மேல போகணும், எப்ப கீழ வரணும்னு ஒரு தேதி இருந்தது. அந்தத் தேதிக்கு ஏத்த மாதிரி வீட்டு வாடகை ஏறுச்சு, கடை திறந்துச்சு, சமையல்காரருக்கும் குதிரைக்காரருக்கும் வேலை கிடைச்சுது. அரசாங்கம் கீழ இறங்கினதும் வேலை போச்சு. வருஷம் பூரா குடியிருக்கிறவங்க, பாதி வருஷம் தங்கறவங்களுக்காகக் கட்டின ஊர்ல வாழப் பழகிக்கிட்டாங்க.

இதுக்கு எதிர்ப்பே இல்லாம இல்ல. எங்களை வெயில்ல விட்டுட்டு, எங்க வரிப்பணத்துல நீங்க மலைக்குப் போறீங்களான்னு மெட்ராஸ் பத்திரிகைகள் கேட்டுக்கிட்டேதான் இருந்தன. அந்தக் கோபத்துக்கு நியாயம் இருந்தது. பக்கிங்ஹாம் கோமகன் 1875-ல இருந்து 1880 வரை மெட்ராஸ் கவர்னர். ஊட்டியில பிரம்மாண்டமான கவர்னர் மாளிகை கட்டப்பட்டது அவரோட காலத்துலதான். 1876 - 78 பெரும் பஞ்சம் வந்ததும் அவரோட காலத்துலதான். சேலம், கோயம்புத்தூர் எல்லாம் பஞ்சம் கடுமையா அடிச்ச மாவட்டங்கள். மலை அடிவாரத்துல கஞ்சிக்கு வரிசை, மலை உச்சியில மாளிகை. இது உவமைக்காகச் சொல்றதில்ல, அந்த வருஷங்கள்ல நடந்த ரெண்டு விஷயம்.

அப்புறம் போக்குவரத்து. 1873-ல மேட்டுப்பாளையம் வரைக்கும் ரயில் வந்தாச்சு. 1899-ல மலை ரயில் குன்னூர் வரைக்கும் ஏறுச்சு. 1908-ல ஊட்டி வரைக்கும். சுமார் 46 கிலோமீட்டர், 16 சுரங்கம், 208 வளைவு. சரிவு அதிகமா இருக்கிற இடத்துல தண்டவாளத்துக்கு நடுவுல பல் வச்ச கம்பி இருக்கும், எஞ்சினுக்கு அடியில இருக்கிற பல்சக்கரம் அதைக் கடிச்சுக்கிட்டே ஏறும். 2005-ல யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமா அறிவிச்சது. நமக்கு அது பொம்மை ரயில். போட்டப்போ அது விளையாட்டு இல்ல. ஒரு அரசாங்கத்தையும் அதோட தேயிலையையும் ஏத்தி இறக்குற கருவி.

தாவரவியல் பூங்காவும் இப்படித்தான். 1840-கள்ல ஊட்டியில இருந்த ஐரோப்பியர்கள் மாசச் சந்தா கட்டி, கட்டுப்படியான விலையில காய்கறி கிடைக்கட்டும்னு ஆரம்பிச்ச தோட்டம் அது. 1848-ல மெக்கைவர்ங்கிற தோட்டக்கலை நிபுணர் வந்து அதைப் பூங்காவா மாத்தினார். 1896-ல மலர்க் கண்காட்சி தொடங்குச்சு. 2023-ல நடந்தது 125-வது கண்காட்சி. பூங்காவுக்கு மேல ஏறிப் போனா மஞ்சக்கல் மந்துன்னு ஒரு தோடர் குடியிருப்பு இருக்கும். பல பேர் அதைப் பூங்காவோட ஒரு காட்சிப் பொருள்னு நினைச்சுப் போட்டோ எடுத்துட்டு வந்துடுவாங்க. அது வரிசையில் முதல்ல வந்தது. பூங்காதான் அதுக்குப் பக்கத்துல வந்தது.

மார்கழியில நடக்கிற விழா

இப்ப இன்னொரு காலண்டருக்கு வருவோம்.

நீலகிரியில பழைய காலத்துல ஒரு ஏற்பாடு இருந்தது. தோடர்கள் எருமை வளர்த்து நெய், பால் கொடுப்பாங்க. கோத்தர்கள் இரும்புக் கருவி, மண்பாண்டம் செய்வாங்க, மத்தவங்க வீட்டு நல்லது கெட்டதுக்கு இசை வாசிப்பாங்க. படகர்கள் தானியம் விளைவிப்பாங்க. குறும்பர்கள் தேன், காட்டுப் பொருட்கள் கொண்டு வருவாங்க. ஆளுக்கு ஒரு மொழி, ஆளுக்கு ஒரு கோயில். ஏற்றத்தாழ்வும் உரசலும் இல்லாத சொர்க்கம்னு சொல்லமாட்டேன். ஆனா ஒருத்தர் இல்லாம இன்னொருத்தர் வாழ முடியாத ஒரு வலை.

இந்த மக்களோட முக்கியமான விழாக்கள் எப்ப வருதுன்னு பாருங்க.

படகர்களுக்கு ஹெத்தையம்மன் திருவிழா. ஹெத்தைன்னா பாட்டி, குலத்து மூதாட்டி. கோத்தகிரி பக்கம் பேரகணியிலயும் மத்த ஊர்கள்லயும் நடக்கும். வெள்ளை உடை உடுத்தி, வெறுங்காலோட, ஊர் ஊரா நடந்து வருவாங்க. நேரம்: டிசம்பர் கடைசி, இல்லைனா ஜனவரி முதல்ல.

தோடர்களுக்கு மொற்பர்த் பண்டிகை. தலைகுந்தா பக்கத்துல முத்தநாடு மந்துல, கூம்பு மாதிரி உயரமான கூரை போட்ட மூன்போ கோயிலுக்குப் பல மந்துகள்ல இருந்தும் ஆண்கள் கூடுவாங்க. வழிபாடு முடிஞ்சதும் வட்டமா நின்னு பாடி ஆடுவாங்க, இளைஞர்கள் பெரிய கல்லைத் தூக்கித் தோள்ல ஏத்திக் காட்டுவாங்க. நம்ம ஊர் இளவட்டக்கல் ஞாபகம் வருதா? நேரம்: மறுபடியும் டிசம்பர் கடைசி, ஜனவரி முதல்.

கோத்தர்களுக்குத் தெய்வம் அய்யனோர், அம்மனோர். பல நாள் நடக்கிற பெரிய விழா. அவங்களே வாசிக்கிற இசையும் ஆட்டமும் இல்லாம அது கிடையாது. அதுவும் டிசம்பர் - ஜனவரி.

பார்த்தீங்களா? மூணு சமூகம், மூணு மொழி, மூணு வேற வேற தெய்வம். ஆனா மூணு பேரும் வருஷத்துல ஒண்ணுகூடத் தேர்ந்தெடுத்த நேரம் ஒண்ணுதான். ராத்திரியில உறைபனி விழுந்து, காலையில புல்வெளி வெள்ளையா கிடக்கிற நேரம். அந்தக் காலத்துல வெள்ளைக்கார அரசாங்கம் மெட்ராஸுக்கு இறங்கிப் போயிருந்த நேரம். பழைய மலைப் பள்ளி விடுதிகளுக்கும் பெரிய லீவு கோடையில கிடையாது, இந்தக் குளிர்லதான். ஒரு காலண்டர் 'ஊர் காலி'ன்னு சொல்ற மாசத்துல, இன்னொரு காலண்டர் 'ஊர் கூடுது'ன்னு சொல்லுது.

சீசனுக்குள்ளயே உள்ளூர்க்காரங்களுக்குன்னு ஒரு நாள் இருக்கு. ஊட்டி மாரியம்மன் கோயில் தேர். அங்க மாரியம்மனும் காளியம்மனும் ஒண்ணா உட்கார்ந்திருப்பாங்க. செவ்வாய்க்கிழமை சந்தைக்கு வந்த வியாபாரிகள்கிட்ட ரெண்டு பெண்கள் தங்க இடம் கேட்டாங்க, அப்படி வந்த கோயில்னு தல வரலாறு சொல்லும். அதாவது சமவெளியில இருந்து பிழைக்க ஏறின தமிழர்களும் கன்னடர்களும் மத்தவங்களும் சேர்ந்து உருவாக்கின சந்தைக் கோயில். சித்திரையை ஒட்டி ஒரு மாசம் விழா. ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு சமூகத்தோட உபயம். தேரன்னைக்கு செவ்வாய்க்கிழமை, தேர் மேல உப்பை வாரி இறைப்பாங்க. ஊட்டியில காந்தல் பகுதிக்குப் போனா குருசடித் திருத்தலம் இருக்கு. நம்ம பக்கம் ஏலாக்குறிச்சி எப்படியோ, மலைமேல இருக்கிற கத்தோலிக்கர்களுக்கு அது அப்படி.

இந்தக் காலண்டர்கள் எல்லாம் ஒரே இடத்துல சந்திக்கிறது எங்க தெரியுமா? கலெக்டர் ஆபீஸ்ல. கங்கைகொண்டசோழபுரம் ஆடித் திருவாதிரைக்கு நம்ம அரியலூர் மாவட்டத்துல உள்ளூர் விடுமுறை விட்டிருக்காங்க இல்லையா, அது மாதிரி நீலகிரியில ஹெத்தையம்மன் விழாவுக்கு உள்ளூர் விடுமுறை விடுவாங்க. மாரியம்மன் தேருக்கும் விடுவாங்க. 2023-ல மலர்க் கண்காட்சி தொடங்கின நாளுக்கும் விட்டாங்க. பாட்டி தெய்வம், சந்தைத் தெய்வம், வெள்ளைக்காரர் விட்டுட்டுப் போன பூ. மூணுக்கும் ஒரே மாதிரி அறிவிப்பு, ஒரே முத்திரை. அந்த மாவட்டத்தோட இருநூறு வருஷ வரலாறு வேணும்னா அந்த விடுமுறைப் பட்டியலைப் படிச்சாப் போதும்.

ஆள் மாறினாங்க, தேதி மாறல

சுதந்திரம் வந்தது. மலைக்குப் போற வெள்ளைக்கார அரசாங்கம் போச்சு. ஆனா சீசன் போகல. நம்ம பள்ளிக்கூட முழுஆண்டு லீவு மே மாசம். அந்தக் காலி நாற்காலியில நாம போய் உட்கார்ந்தோம். முதல்ல சினிமா போச்சு. 'மூன்றாம் பிறை' 1982-ல வந்தது, அந்தக் கடைசிக் காட்சி எடுத்த கேத்தி ரயில் நிலையத்தை இன்னைக்கும் தேடிப் போறாங்க. அப்புறம் தேனிலவு, கல்லூரிச் சுற்றுலா, கடைசியா கார் வச்ச நடுத்தரக் குடும்பம். இப்ப 'முதல் சீசன்' ஏப்ரல் - மே, 'இரண்டாவது சீசன்' செப்டம்பர் - அக்டோபர்னு பூங்கா நிர்வாகமே பேர் வச்சு நாத்து நடுது.

இது ஒரு வகையில சந்தோஷமான விஷயம்தான். 1870-ல கவர்னருக்கு மட்டும் கிடைச்ச குளிர் காத்து, இன்னைக்கு குன்னத்துல இருந்தோ செந்துறையில இருந்தோ போற ஒரு சோளக்காட்டு விவசாயி வீட்டுப் பிள்ளைக்கும் கிடைக்குது. அதை யாரும் குறை சொல்ல முடியாது.

ஆனா ஒரு ஊர் சீசனை மட்டும் நம்பி வாழ முடியாது. என் தொழில்ல சொல்ற மாதிரி சொன்னா, வருஷத்துல ரெண்டு மாசம் வர்ற பீக் லோடுக்காக ஒரு சிஸ்டத்தைக் கட்டினா, மீதி பத்து மாசம் அதைப் பராமரிக்கிற செலவு யார் தலையில விழும்? அங்கயே இருக்கிறவங்க தலையில.

நீலகிரியில சமூக வாழ்க்கையைத் தாங்கிப் பிடிச்சது சீசன் இல்ல, வருஷம் பூரா ஓடின வேலைகள். அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலை. 1907-ல தொடங்கின குன்னூர் பாஸ்டர் ஆய்வகம். 1960-ல நிறுவின ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ். 'இந்து'ங்கிற பேர்ல எக்ஸ்ரே பிலிமும் சினிமா பிலிமும் அங்க இருந்து வந்தது. அதைச் சுத்தி இந்து நகர்னு ஒரு ஊரே வளர்ந்தது. டிஜிட்டல் வந்த பிறகு அந்தத் தொழிற்சாலை மூடப்பட்டது.

அப்புறம் தேயிலை. 1964 அக்டோபர்ல சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம். இலங்கைத் தோட்டங்கள்ல தலைமுறை தலைமுறையா உழைச்ச தமிழர்கள்ல 5,25,000 பேரை இந்தியா ஏத்துக்கணும்னு ரெண்டு பிரதமர்கள் பேசி முடிவு பண்ணாங்க. அப்படி வந்தவங்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968-ல அரசு தேயிலைத் தோட்டங்களைத் தொடங்குச்சு. அதுதான் பிறகு டான்டீ ஆச்சு. கூடலூர், கோத்தகிரி, குன்னூர் லைன் வீடுகள்ல அவங்க குடும்பங்கள் இருக்கு. இதுல பலரோட முன்னோர்கள் நம்ம பழைய திருச்சி மாவட்டத்துல இருந்து கப்பல் ஏறினவங்க. நம்ம பக்கத்து வறட்சியில இருந்து கண்டிக்குப் போய், கண்டியில இருந்து நீலகிரிக்கு வந்தவங்க. அவங்களுக்கும் ஊட்டி சீசன்னா கூடுதல் பஸ் நெரிசல்தான்.

1990-களோட கடைசியில பச்சைத் தேயிலை விலை விழுந்தது. சிறு விவசாயிகளுக்குப் பெரிய அடி. பிள்ளைங்க கோயம்புத்தூருக்கும் திருப்பூருக்கும் பெங்களூருக்கும் இறங்கினாங்க. ஆரம்பத்துல சொன்ன அந்தக் குறைஞ்ச மக்கள்தொகை எண்ணுக்கு இப்ப முகம் தெரியுதா? சீசன் கூடிக்கிட்டே போச்சு, ஊர் இளைச்சுக்கிட்டே போச்சு. இறங்கிப் போன படகர் வீட்டுப் பிள்ளைகள் ஊருக்கு எப்ப திரும்பி வர்றாங்க தெரியுமா? மே மாசம் இல்ல, ஹெத்தை ஹப்பாவுக்கு. அந்த ஊரை இன்னும் ஊரா வச்சிருக்கிறது அந்தக் காலண்டர்தான்.

ரெண்டாவது உத்தரவு

2024 மே 7-ல இருந்து நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் போக இ-பாஸ் கட்டாயமாச்சு. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவு. 2025 கோடைக்கு எண்ணிக்கையும் கட்டினாங்க: நீலகிரிக்கு வார நாள்ல 6,000 வண்டி, வார இறுதியில 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. உள்ளூர் வண்டிகளுக்கும் அரசு பஸ்ஸுக்கும் விலக்கு. மலை எவ்வளவு தாங்கும்னு ஆய்வு பண்ண சென்னை ஐஐடியையும் பெங்களூரு ஐஐஎம்மையும் கேட்டாங்க.

நீலகிரி வியாபாரிகள் இதை எதிர்த்துக் கடையடைப்பு நடத்தினாங்க. "அவங்க ஊரைக் காப்பாத்தத்தானே உத்தரவு, அவங்களே ஏன் எதிர்க்கிறாங்க?"ன்னு பல பேர் கேட்டாங்க. இந்த வரலாறு தெரிஞ்சா அந்தக் கேள்விக்குப் பதில் தெரியும். 150 வருஷமா அந்த ஊரோட கடையையும் காட்டேஜையும் டாக்ஸியையும் ரெண்டு மாசத்துல சம்பாதிச்சு பன்னெண்டு மாசம் சாப்பிடுற மாதிரி பழக்கியாச்சு. அந்த ரெண்டு மாசத்துல கை வச்சா வயித்துல அடிக்கிற மாதிரிதான் இருக்கும். மலைக்கு மூச்சு வேணும்ங்கிறது நியாயம். லாட்ஜ்ல வேலை பார்க்கிறவரோட பயமும் நியாயம். வண்டியை எண்ணுறது முதல் படிதான். அந்த ஊருக்கு மீதி பத்து மாசத்துக்கு என்ன வேலைங்கிற கேள்விக்குப் பதில் சொல்லாத வரைக்கும் எந்தப் பாஸும் முழுப் பதில் ஆகாது.

ஆனா ஒண்ணு மட்டும் தெளிவு. சீசன் ஒரு உத்தரவுல பிறந்தது. அதனால அது மாறாத விதி இல்ல. வேற மாதிரியும் எழுதலாம்.

நம்ம பச்சைமலை

இதை ஏன் பெரம்பலூர் - அரியலூர்ல உட்கார்ந்து பேசணும்? நமக்கும் ஒரு மலை இருக்கு.

பச்சைமலையில மலையாளிகள்ங்கிற பழங்குடி மக்கள் வாழறாங்க. கேரளாவோட சம்பந்தம் இல்ல, மலையை ஆள்றவங்கங்கிற அர்த்தத்துல வந்த பேர். காஞ்சிபுரத்துல இருந்து வந்த மூணு சகோதரர்கள் சேர்வராயன் மலை, பச்சைமலை, கொல்லிமலைன்னு பிரிஞ்சு குடியேறினாங்கன்னு அவங்க சொல்ற கதையை 1909-ல வந்த தர்ஸ்டனோட நூல் பதிவு பண்ணியிருக்கு. அதுல ஒரு அண்ணன் மலை, சேர்வராயன், ஏற்காடாச்சு. காப்பித் தோட்டம் வந்தது, பங்களா வந்தது, சீசன் வந்தது, கோடை விழா வந்தது. பச்சைமலைக்கு அது வரல. மரவள்ளியும் சாமையும் முந்திரியும் போட்டு, தங்களோட தெய்வங்களுக்குத் தங்களோட நேரத்துல விழா எடுத்துக்கிட்டு இருந்தாங்க.

இப்ப பச்சைமலையைச் சுற்றுலாத் தலமாக்கணும்னு நம்ம பக்கத்துல கோரிக்கை கேட்டுக்கிட்டே இருக்கு. ரோடு வரட்டும், ஆஸ்பத்திரி வரட்டும், அங்க இருக்கிற பிள்ளைங்களுக்கு வேலை வரட்டும். இதுல எதையும் நான் வேண்டாம்னு சொல்லல. மேல இருக்கிறவங்களுக்கு இதெல்லாம் கீழ இருக்கிற நம்மைவிட அவசரமான தேவை.

ஆனா ஒரு கேள்வியை இப்பவே கேட்டு வச்சுக்கலாம். ஊட்டிக்கு யாரும் கேட்காம விட்ட கேள்வி அது. பச்சைமலைக்கு ஒரு சீசன் வரும்போது, அந்தத் தேதியை யார் குறிப்பாங்க? பெரம்பலூர் வெயிலா, நம்ம பள்ளிக்கூட லீவா, இல்ல அந்த மலையில வருஷம் பூரா இருக்கிறவங்களா?

அடுத்த தடவை ஊட்டிக்கு இ-பாஸ் போடும்போது, அந்தப் படிவத்துல தேதி கேட்கும் இல்லையா, அங்க ஒரு நிமிஷம் நில்லுங்க. கூட்டமில்லாத ஒரு மாசமும் அந்தப் பட்டியல்ல இருக்கு. குளிர் அதிகம், ஸ்வெட்டர் எடுத்துக்கோங்க. விழா நடந்தா தள்ளி நின்னு பாருங்க, கேட்காம போட்டோ எடுக்காதீங்க. அது நமக்காக நடக்கிற நிகழ்ச்சி இல்ல. அவங்க வீட்டு விசேஷம்.